ஏ வாங்கிய வாத்தியார்

சிவேந்திரன் சாருக்கு உட்காரத் தெரியாது. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையை ஒட்டிய சந்தில், புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் டியூஷன் சென்டரில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவருடைய பைதான் உட்கார்ந்திருக்கும். அவர் பலகைக்கும் ஜன்னலுக்கும், ஜன்னலுக்கும் கடைசி வரிசைக்கும் நடந்துகொண்டே பாடம் நடத்துவார். பிள்ளைகளின் கழுத்து பேட்மிண்டன் ஆட்டம் பார்ப்பவர்களின் கழுத்து மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பும். வீட்டில் சாப்பிடும்போதுகூட பாதியில் எழுந்து மின்விசிறியைக் கூட்டிவிட்டு, பிறகு குறைத்துவிட்டு, அப்புறம்தான் மீதியைச் சாப்பிடுவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன் என்று அவருடைய மனைவி புனிதா சொல்வார். சொல்வதோடு சரி, மாற்றப் பார்த்ததில்லை. அது ஆகிற காரியமில்லை என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

பாடம் என்று வந்துவிட்டால் அந்தச் சக்கரம்தான் அவருக்குச் சொத்து. உயிரியலை, அதிலும் மரபியலை, அவர் நடத்துகிற விதமே தனி. பிள்ளைகளை எழுப்பி நிறுத்துவார். இரண்டு பேர் கை கோத்து நின்றால் அவர்கள் ஒரே குரோமோசோமில் இருக்கிற இரண்டு ஜீன்கள். எங்கே போனாலும் ஒன்றாகத்தான் போவார்கள். எப்போதாவது ஒருமுறை எதிர் ஜோடியோடு கை மாறிவிடும். "பாத்தீங்களா, இவன் கூட்டாளி கைய விட்டுட்டு எதிர் வீட்டுக்காரன் கையப் பிடிச்சிட்டான். இதுக்குப் பேருதான் கிராசிங் ஓவர்" என்பார். மாடியே குலுங்கும். கீழே புடவைக் கடைக்காரர் கம்பை எடுத்துக் கூரையைத் தட்டுவார். அப்படிச் சிரித்துக் கற்ற பிள்ளைக்கு அந்தக் கணக்கு சாகிற வரைக்கும் மறக்காது.

அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் படிவம் ஆறு பிள்ளைகள், பல்கலைக்கழகத்துக்குள் நுழைய எஸ்டிபிஎம் எழுதுகிறவர்கள். இந்த நாட்டில் அந்தப் பரீட்சையைப் பற்றித் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஒன்றரை வருஷம், மூன்று தவணை. முதல் தவணையில் செல்லில் தொடங்குவார்கள். இரண்டாவதில் இதயம், நுரையீரல், நரம்பு என்று உடம்பு முழுக்கச் சுற்றுவார்கள். மூன்றாவதில் காடு, கடல், வகைப்பாடு, கடைசியில் மரபியல். மூன்றையும் சேர்த்து ஒரே ஓர் எழுத்து கொடுப்பார்கள். மருத்துவம் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு அந்த எழுத்து ஏ-வாக இருக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். வசதி இல்லாதவர்களுக்கு இதுதான் வழி, ஆனால் நெடுக மேடும் பள்ளமும்தான்.

வம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் கூட்டத்தில் வந்தது. சென்டரின் முதலாளி ஜெயராஜ் எல்லாருக்கும் தின்னக் கறிபாப்பும் குடிக்கத் தே தாரிக்கும் வாங்கி வைத்திருந்தார். எதிர் வரிசையில் புதிதாக ஒரு டியூஷன் சென்டர் திறந்திருந்த சமயம் அது. அங்கே பாடம் எடுக்கிறவர்களின் படத்தையும் அவர்கள் வாங்கிய கிரேடையும் பேனரில் அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பெற்றோர்களில் ஒருவர் வாசு, லோரி வைத்துத் தொழில் செய்கிறவர். மனதில் பட்டதை மென்று முழுங்கத் தெரியாதவர். கையைத் தூக்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க லா. எதிர்ல டீச்சருங்களோட ரிசல்ட்டையே போட்டிருக்காங்க. சும்மா தெரிஞ்சிக்கலாம்னு கேக்கறேன். சாருக்கு எஸ்டிபிஎம்ல பயாலஜி என்ன?"

பி. ஒரே எழுத்து. சொல்லியிருந்தால் கூட்டம் கறிபாப்புக்குப் போயிருக்கும். ஆனால் சிவேந்திரனுக்கு அந்த எழுத்து வாயில் வராது. அதற்குக் காரணம் உண்டு.

அவர் பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸ். அப்பா சண்முகரத்தினம் ரயில்வேயில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் ஒரு பையன் பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே டாக்டரா, வக்கீலா, கணக்காளரா என்று முடிவாகிவிடும். சிவேந்திரனுக்கு டாக்டர் என்று முடிவாகியிருந்தது. பெரியப்பா பிள்ளைகள் டாக்டர், சித்தி மகள் டாக்டர், மூன்றாம் வீட்டுக்காரரின் மகன்கூட டாக்டர். இவர் பரீட்சை எழுதினார், பி வந்தது. ஓர் எழுத்தில் ஒரு வாழ்க்கை தள்ளிப் போயிற்று. அம்மா பூரணம் திட்டவில்லை. "பரவாயில்லையடா, படிப்பிக்கிறதும் நல்ல வேலைதானே" என்றார். அந்தப் 'பரவாயில்லை' இருக்கிறதே, அது திட்டைவிட மோசம். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "தம்பி இப்ப என்ன செய்யிறீர்?" என்று யாராவது கேட்பார்கள். "படிப்பிக்கிறன்" என்பார். "ஓ" என்பார்கள். அந்த ஓ-வுக்குப் பயந்தே கல்யாண வீடுகளில் பந்தி முடிவதற்குள் கிளம்பிவிடுவார்.

ஆக, வாசு தெரியாமல் கையை வைத்த இடம் ஆறாத புண். சிவேந்திரன் ஜன்னல்வரை நடந்து போனார், திரும்பினார்.

"நான் எழுதினது அந்தக் காலத்து பேப்பர். அதச் சொல்லி என்ன ஆகப் போகுது? இப்ப உள்ள பேப்பர, இந்தப் பிள்ளைங்களோட உட்கார்ந்து, பிரைவேட் கேண்டிடேட்டா நானே எழுதுறேன். மூணு தவணையும் எழுதுறேன். ஏ வாங்கலன்னா கிளாஸ் எடுக்கறதையே விட்டுடுறேன். போதுமா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கூட்டம் கைதட்டியது. வாசுவும் தட்டினார். ஜெயராஜின் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு எரிந்தது. எதிர் சென்டர்க்காரன் எந்தக் காலத்திலோ வாங்கிய கிரேடைத்தான் பேனரில் போட முடியும், நம் ஆள் சுடச்சுட வாங்கி வருவார் என்று அவர் மனம் அங்கேயே பேனருக்கு அளவெடுக்கத் தொடங்கிவிட்டது.

வீட்டில் புனிதா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டியை அடுப்பில் சற்று வேகமாகவே வைத்தார். "கேட்ட கேள்விக்கு 'பி'ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். பிள்ளைங்க உங்ககிட்ட வரது உங்க கிரேடுக்காகவா? நீங்க சொல்லிக் குடுக்கற அழகுக்காக வராங்க."

"உனக்குத் தெரியாது" என்றார் சிவேந்திரன். கையில் ஏற்கெனவே முதல் தவணைப் புத்தகம் இருந்தது.

அன்றிலிருந்து அந்த மனுஷனுக்கு நிம்மதி போயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் நடத்திய பாடம்தான். ஆனால் நடத்துவது வேறு, எழுதுவது வேறு. நடத்தும்போது தெரியாததைத் தாண்டிப் போகலாம், 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று சொல்லலாம். பரீட்சைத் தாளிடம் அடுத்த வாரம் என்று சொல்ல முடியாது. தனக்கு எது வரும், எது வராது என்று அவர் தனக்குத்தானே பரீட்சை வைத்துப் பார்த்தார். ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் உதைத்தன. அந்த வட்டங்களில் எந்த மூலக்கூறு எங்கே கழன்று எங்கே சேர்கிறது என்பது அப்போதும் அவருக்குக் குழப்பம், இப்போதும் குழப்பம். அன்றைக்கு ஏ-வைக் கெடுத்ததே இந்த வட்டங்கள்தான் என்று அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வகுப்புக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே படிப்பார். கேஎல் சென்ட்ரலில் ஏறி கிள்ளான் போய்ச் சேருகிறவரை உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர்கள் மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

இப்படித் தனக்காகப் படிக்கப் போன இடத்தில்தான் தப்பு நுழைந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சென்டரில் வாராவாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பது வழக்கம். கேள்விகளை அவரே தயாரிப்பார். முன்பெல்லாம் வகுப்பில் எந்தப் பிள்ளையின் புருவம் எங்கே சுருங்கியது என்று பார்த்து அதிலிருந்து கேள்வி எடுப்பார். இப்போது தனக்கு எது வராதோ அதில் கேள்வி எடுத்தார். பிள்ளைகளுக்குத் தாளைக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு தாளை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்து நின்றபடியே எழுதுவார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டார். மாங்காய் அவர் மடியில்தான் விழுந்துகொண்டிருந்தது.

அந்த வகுப்பில் பதினோரு பேர். அதில் மலர் என்று ஒரு பெண். அம்மா புஷ்பவல்லி போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கிளார்க். அப்பா இல்லை. மலருக்கு டாக்டராக ஆசை, ஆனால் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள். கூச்சக்காரி. ஒரு சந்தேகம் கேட்பதற்கு முன் வாயைத் திறந்து மூடித் திறப்பாள். ஒருமுறை கேட்டுப் பதில் வரவில்லையென்றால் மறுபடி கேட்கமாட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம்தான் வாத்தியார் கவனமாக இருக்க வேண்டும். சிவேந்திரனுக்கு அது தெரியும். மற்ற வருஷங்களில் கவனமாக இருந்திருக்கிறார்.

முதல் தவணை முடிவு வந்தது. மலருக்கு ஏ மைனஸ். சிவேந்திரனுக்கு பி பிளஸ்.

மலர் ஓடி வந்து, "சார், ஏ மைனஸ் சார்" என்றாள். முகமெல்லாம் பல். அந்த நிமிஷத்தில் அவருக்குள் எழுந்தது பொறாமை. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமான பொறாமை. தான் சொல்லிக் கொடுத்த பெண், தன்னைவிட ஒரு படி மேலே. "வெரி குட்" என்றார். குரல் எங்கிருந்தோ வந்தது. அன்று வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு ரயிலேறினார். வகுப்பை விட்டுவிடுவேன் என்று சொல்லியாயிற்று. ஐம்பதை நெருங்குகிற வயதில், சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆள். நாளைக்கு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? அவருக்கோ உட்காரவும் தெரியாது.

இரண்டாம் தவணைக்குப் பேய் மாதிரி படித்தார். ஏ வாங்கினார். பிள்ளைகள் முன்னே பின்னே வாங்கினார்கள். மலருக்கு பி பிளஸ். "அடுத்ததுல பிடிச்சிடலாம்" என்று அவளுக்குச் சொன்னார். சொல்லும்போது தன் கணக்கைத்தான் மனதில் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றிலும் சேர்த்து ஏ வர வேண்டுமென்றால் கடைசித் தவணையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தக் கூடாது.

கடைசித் தவணையில் அவருக்கு உதைத்தது வகைப்பாடும் சூழலியலும். எத்தனை தொகுதி, எந்தப் புழு எதில் சேரும், குளத்து மீனைப் பிடித்து அடையாளமிட்டுத் திரும்பக் குளத்தில் விட்டு எப்படி எண்ணுவது, இதெல்லாம் மண்டையில் நிற்கவில்லை. மரபியலோ அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆகவே வாராவாரம் பரீட்சை புழுவிலும் குளத்திலும்தான் நடந்தது. மரபியலை ஓரிரண்டு வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டு ஓட்டிவிட்டார். யாரையும் எழுப்பி நிறுத்தவில்லை, யாரும் கை கோக்கவில்லை. கீழே புடவைக் கடைக்காரருக்கே ஆச்சரியம். படியில் பார்த்தபோது, "என்ன சார், இந்த வருஷம் பிள்ளைங்க சத்தமே காணோம்?" என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மலர் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"சார், ரெண்டு ஜீன் ஒரே குரோமோசோம்ல இருந்தா அந்த ரேஷியோ ஏன் சார் மாறுது? புக்ல படிச்சேன், புரியல."

"அது ஈஸிமா. படத்தப் போட்டுப் பாரு, தானா வந்துடும்" என்றார். பையை மாட்டிக்கொண்டே சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ரயிலில் புழுக்கள் காத்திருந்தன.

"சரி சார்" என்றாள் மலர்.

மாதிரித் தேர்வு ஒன்று முழுப் பாடத்துக்கும் வைத்தார். பிள்ளைகளுக்கு எங்கே ஓட்டை என்று அதிலாவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் திருத்த நேரமில்லை. "ஒருத்தர் பேப்பர ஒருத்தர் மாத்தித் திருத்துங்க" என்று விடைக்குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்குள் என்ன நட்போ, மார்க்கைத் தாராளமாகவே போட்டுக்கொண்டார்கள். மரபியல் பக்கம் பாதிப் பேருக்கு வெள்ளையாக இருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

புனிதா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். "நீங்க கிள்ளானுக்குப் போறது கிளாஸ் எடுக்கவா, படிக்கவா?"

"ரெண்டுந்தான்" என்றார்.

"ஒரு இலையில ரெண்டு பேரு சாப்பிட்டா ஒருத்தருக்குப் பசி தீராது. அத மட்டும் பாத்துக்குங்க."

அவருக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொன்னால் வருகிற கோபம். தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்று சாப்பிட்டார்.

கடைசிப் பரீட்சை நாள். கிள்ளானில் ஒரு பள்ளி மண்டபம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மேசையின் ஓரத்தில் அடையாள அட்டையை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார் சிவேந்திரன். கண்காணிக்க வந்த மலாய் இளைஞர் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "சுமாங்காட், அங்கிள்" என்றார். தைரியமாக எழுதுங்கள் என்று வாழ்த்துகிறாராம். முன் வரிசைகளில் இருந்த அவருடைய பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மலர் அவருக்கு நேர் முன்னே, இரண்டு மேசை தள்ளி இருந்தாள்.

தாள் வந்தது. புழு வந்தது, குளம் வந்தது. எல்லாம் அவர் பரீட்சை வைத்து வைத்துப் பார்த்தவை. கை பறந்தது. மரபியலில் பெரிய கேள்வி, ஒரே குரோமோசோமில் இரண்டு ஜீன், விகிதம் ஏன் மாறுகிறது என்று விளக்கச் சொல்லி. அவருக்குச் சிரிப்பே வந்தது, அவ்வளவு சுலபம். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, கணக்குப் போட்டு முடித்தார். நேரம் மிச்சமிருந்தது. கால் துறுதுறுவென்று எழுந்து நடக்கச் சொன்னது. நிமிர்ந்தார்.

மலரின் முதுகு தெரிந்தது. பேனா மேசைமேல் கிடந்தது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கேள்வி என்று இங்கிருந்து தெரிய வழியில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கணத்தில் அவர் செய்தது இதுதான்: தலையைக் குனிந்து, குளத்து மீன் கணக்கில் தசமப் புள்ளி சரியாக இருக்கிறதா என்று மறுபடி பார்த்தார்.

முடிவு வந்த அன்று ஜெயராஜ்தான் முதலில் கத்தினார். மூன்று தவணையும் சேர்த்து, சிவேந்திரன் சாருக்கு ஏ. மைனஸ் எதுவும் ஒட்டாத முழு ஏ. பிள்ளைகள் எல்லாரும் சென்டருக்கு வந்திருந்தார்கள். மாடியேறி வந்தவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "எங்க சார் ஏ!" என்று ஒருத்தன் விசிலடித்தான். தூக்காத குறை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷத்துக் கடன் அது. அப்பா இருந்திருந்தால், அம்மா இருந்திருந்தால், அந்த ஓ போட்ட அத்தனை பேரும் இப்போது இந்தப் படியில் வரிசையாக நின்றிருந்தால் என்று நினைத்துக்கொண்டார்.

"சரி சரி, நீங்க என்ன வாங்கினீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சொன்னார்கள். பி. பி மைனஸ். சி பிளஸ். பி. ஒருத்தன் சொல்லாமல் தரையைப் பார்த்தான். மலர், "பி சார்" என்றாள். பதினோரு பேரில் ஓர் ஏ இல்லை, ஏ மைனஸ்கூட இல்லை. அவர் பாடம் எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து ஓர் ஏ இல்லாத வருஷம் இதுதான். தவணை வாரியாகப் பார்த்தால் எல்லாருக்குமே மூன்றாவதில்தான் காலை வாரிவிட்டிருந்தது. சூழலியலில் எல்லாரும் நன்றாகவே எழுதியிருந்தார்களாம். "ஆனா ஜெனெடிக்ஸ் முடியல சார்" என்றான் விசிலடித்தவன், ஏதோ மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். படத்தில் நடுவில் நிற்கிற அவர் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் பேனர் தொங்கியது. அவருடைய படம், பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஏ. எதிர் சென்டரின் பேனர் அதற்கு முன்னால் கைக்குட்டை மாதிரி தெரிந்தது. புதிதாகச் சேர வந்த கூட்டம் படியில் நின்றது. வாசு தன் இளைய மகனையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். "சொன்ன சொல்ல காப்பாத்திட்டீங்க சார்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சிவேந்திரனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மூன்றாம் தவணையை மட்டும் மறுபடி எழுத வழியுண்டு. அதில் ஏ வந்தால் மலரின் மொத்தம் ஏறும். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார், நடக்கக்கூடிய காரியம்தான். போனில் அழைத்தார், மலர் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்கே போனார்.

புஷ்பவல்லி கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "வாங்க சார், வாங்க! கங்கிராட்ஸ் சார். பேனர்ல பாத்தேன். எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்க மலரோட சாருன்னு." உள்ளே உட்கார வைத்து, சுடச்சுடக் கேசரி கொண்டுவந்து வைத்தார். அவருக்காகவே கிண்டியதாம். மலர் சுவரோரம் நின்றாள்.

"மலர் மறுபடி எழுதணும். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் சிவேந்திரன்.

"அவளுக்குத்தான் சார் மண்டையில ஏறல" என்றார் புஷ்பவல்லி. குரலில் கோபமில்லை, வருத்தம்தான். "உங்கள நாங்க ஒரு வார்த்த குத்தம் சொல்ல மாட்டோம். சொல்லிக் குடுத்தவரு ஏ வாங்கியிருக்காரு. அப்புறம் யாரச் சொல்றது? கேட்டவ சரியா கேக்கலன்னுதானே அர்த்தம்?"

சிவேந்திரன் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். எழுந்தார். ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார்.

"இல்லம்மா. குத்தம் என்னோடது. நான் எனக்காகப் படிச்சேன். எனக்கு எது வராதோ அதையே பிள்ளைங்களுக்கு டெஸ்ட் வெச்சேன். ஜெனெடிக்ஸ் எனக்கு வரும், அதனால விட்டுட்டேன். இவ சந்தேகம் கேட்டா, நான் ரயிலுக்கு ஓடிட்டேன். நான் ஏ வாங்கினது இவங்க பங்கையும் சேத்து எடுத்துக்கிட்டதாலதான்."

புஷ்பவல்லி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மகள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? எவ்ளோ பெரிய மனுஷன், எவ்ளோ தன்மையா பேசுறாரு. உன் மனசு நோகக் கூடாதுன்னு பழிய தன் மேல போட்டுக்கிறாரு. இப்படி ஒரு சாரு கிடைச்சும் நீ கோட்ட விட்டுட்டியே."

"ஐயோ, நான் உண்மையத்தாம்மா சொல்றேன்" என்றார். குரல் உயர்ந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதா சார் உங்கள?" என்று புஷ்பவல்லி சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு கரண்டி கேசரியை வைத்தார்.

கேட்டுவரை மலர் கூட வந்தாள். அம்மா உள்ளே இருந்தார். சிவேந்திரன் அவசர அவசரமாகப் பேசினார். "ஒரே ஒரு தவணைதான் மலர். நான் தனியா எடுக்கறேன், உன் வீட்டுக்கே வரேன். முதல்லேர்ந்து எடுக்கறேன்."

"வேணாம் சார். ஷா ஆலம்ல ஒரு ஃபேக்டரி லேப்ல வேல கிடைச்சிருக்கு. திங்கக்கிழமலேர்ந்து போறேன்."

"டாக்டராகணும்னு நினைச்சியே?"

அதை அவரிடம் சொன்னதே இல்லை அவள், அவராகக் கண்டுகொண்டது. எப்படித் தெரியும் என்பது போல நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"சார், அதே பேப்பர். அதே ஹால். எனக்குப் பின்னாடிதான் உக்காந்து எழுதினீங்க. உங்களுக்கு ஏ வந்துச்சு. அப்ப பேப்பர் மேல குறையில்ல, சொல்லிக் குடுத்தவங்க மேலயும் குறையில்ல. எனக்குத்தான் வராது. முன்னாடி எனக்கு அது தெரியாது சார். உங்க ரிசல்ட்டப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சு."

"வராதுன்னு யாரு சொன்னா?"

மலர் அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி லேசாகச் சிரித்தாள். "பாத்துப் போங்க சார்" என்று கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

தெருமுனைக்குப் போவதற்குள் பின்னாலிருந்து புஷ்பவல்லி கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார். கையில் மூடி போட்ட டப்பா.

"தட்டுல அப்படியே வெச்சிட்டுப் போறீங்களே சார். வீட்டுல மேடத்துக்குக் குடுங்க. ஏ வாங்கினவரு எங்க வீட்டுலேர்ந்து வெறுங்கையோட போகக் கூடாது."

சிவேந்திரன் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.